ரொறன்ரோ மிதிவண்டிப் பாதைகளை அகற்றும் சட்டம்: நெரிசல் உண்மையில் குறையுமா?

வீதியோரம் எழுதியது:

ஒன்ராறியோ மாகாண அரசு 2024 ஒக்டோபரில் 212ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது, வாகன நெரிசல் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்பதையே காரணமாகச் சொன்னது. நெரிசல் இருப்பதை இங்கே யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் நவம்பர் 25ஆம் திகதி அரச ஒப்புதல் பெற்றுச் சட்டமாகிவிட்ட அந்த ஆவணம், ஒன்றுக்கொன்று மிகவும் வேறான இரண்டு காரியங்களைச் செய்தது. வாகனத் தடத்தைக் குறைத்து மிதிவண்டிப் பாதை அமைக்க விரும்பும் எந்த நகரசபையும் இனி மாகாணத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்றது. அத்தோடு நில்லாமல், புளோர் வீதி, யங் வீதி, யூனிவர்சிற்றி அவெனியூ ஆகிய மூன்றிலும் ஏற்கெனவே அமைந்து மக்களின் பயன்பாட்டில் இருந்த பாதைகளைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தை வாகனங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வழிசெய்தது.

இரண்டாவது காரியத்தைப் பற்றியே இந்த இழையில் பேச விரும்புகிறேன். கட்டாமல் விடுவதும் கட்டியதைப் பெயர்ப்பதும் ஒன்றல்ல. ஒரு பாதை அமைந்து சில ஆண்டுகள் ஆனபின் மக்கள் அதை நம்பித் தங்கள் அன்றாடத்தை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியும், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிச் செல்லும் வழியும், சிலருக்கு வாடகை வீடு எடுக்கும் இடமும்கூட அதைப் பொறுத்தே அமைகின்றன. பாதையை எடுத்துவிட்டால் அந்த மனிதர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அதே வீதியில், அதே நேரத்தில், பாதுகாப்புத் தடுப்பு மட்டும் இல்லாமல் தொடர்ந்து ஓட்டுவார்கள். ஆகவே சான்று காட்டும் பொறுப்பு அகற்றச் சொல்பவருக்கே உரியது: வாகனங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும், எத்தனை பேருக்கு ஆபத்துக் கூடும், அந்த ஆபத்தை ஏற்கும் அளவுக்கு அந்த மிச்சம் பெரியதா? நகரசபைப் பணியாளர்களின் 2024 நவம்பர் அறிக்கை, அகற்றும் செலவை ஏறத்தாழ 48 மில்லியன் டொலர் என்று மதிப்பிட்டதோடு, வாகனங்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பமாகவே இருக்கும் என்றும் கூறியது. மாகாணம் இதற்கு எதிராக எந்த அளவீட்டை முன்வைத்தது என்று தேடிப் பார்த்தேன்; ஏற்கத்தக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

மாற்றுக் கருத்து உடையவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவரவர் ஓட்டும் வீதியைப் பற்றி, அறிந்ததை வைத்து எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

பணிவண்டி எழுதியது:

நான் அகற்ற வேண்டும் என்ற பக்கத்தில் நிற்பவன், அதனால் முதலில் எழுதுகிறேன். வீடுகளின் வெப்பமூட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கருவிகளும் உதிரிப் பாகங்களும் நிறைந்த வானை விட்டுவிட்டு நான் மிதிவண்டியிலோ சுரங்க ரயிலிலோ போக முடியாது. நகரின் மேற்குப் புறத்தில் உள்ள எற்றோபிக்கோவில் புளோர் வீதி வழியாக ஒரு நாளில் பல தடவை போய்வருகிறேன். பாதை வந்தபிறகு அந்த வீதியில் திசைக்கு ஒரு தடமே எஞ்சியது. முன்னால் ஒரு பேருந்து நின்றாலோ, ஒருவர் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தாலோ, பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். வானை நிறுத்தி ஒரு கொதிகலனை இறக்கவும் இடமில்லை. குளிர்காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் பாதைக்குப் பக்கத்தில் வாகனங்கள் நிரையாக நிற்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவனுக்கு, இது நியாயமான பங்கீடு என்று எப்படித் தோன்றும்?

வேலைக்கு மிதிவண்டியில் செல்வோர் 1.2 சதவீதமே என்று போக்குவரத்து அமைச்சர் சொன்னார். அவர்களுக்குப் பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரதான வீதிகளை விட்டுப் பக்கத்து வீதிகளில் அமையுங்கள் என்கிறேன். அரசும் அதையே சொல்கிறது.

சமிக்ஞை எழுதியது:

போக்குவரத்துத் திட்டமிடலில் பல காலம் பணியாற்றியவன் என்ற முறையில், பணிவண்டி அண்ணாவின் அனுபவத்தை முழுமையாக மதித்தே இதை எழுதுகிறேன். அவர் காணும் தேக்கம் உண்மையானது. அதன் காரணம் எங்கே இருக்கிறது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

நகர வீதியொன்றில் மணிக்கு எத்தனை வாகனங்கள் போகலாம் என்பதைத் தீர்மானிப்பவை சந்திகளே. இரண்டு சந்திகளுக்கு இடையில் உள்ள தடங்களின் எண்ணிக்கைக்கு அதில் இரண்டாம் இடந்தான். புளோர் வீதியின் நகர்மையப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஓகஸ்டில் ஷா வீதிக்கும் அவெனியூ வீதிக்கும் இடையே பரீட்சார்த்தப் பாதை அமைக்கப்படும் முன்பு, அங்கே திசைக்கு இரண்டு தடங்கள் இருந்ததாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நெரிசல் நேரம் தவிர்ந்த வேளைகளில் ஓரத் தடம் வாகனத் தரிப்பிடமாகவே இருந்தது. உள் தடத்தில் இடப்பக்கம் திரும்புவோர் காத்திருந்தார்கள். சாரதிகள் இரண்டு தடங்களுக்கும் இடையே மாறி மாறி நெளிந்துகொண்டுதான் முன்னேறினார்கள். அந்த நெளிதலே மோதல்களுக்கும் தாமதத்துக்கும் ஒரு பெரிய காரணம். ஒரு தடத்தோடு, சந்திகளில் திரும்புவோருக்குத் தனித் தடமும் சரியாக அமைத்த சமிக்ஞை நேரமும் சேர்ந்தால், இழப்பு காகிதத்தில் தோன்றும் அளவில் பாதிகூட வராது. நெரிசல் நேரத்தில் இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறது. எற்றோபிக்கோப் பகுதிப் பாதை 2023இல் அமைந்த உடனே வாகனப் பயண நேரம் கூடியது. பின்பு சமிக்ஞை நேரங்களைத் திருத்தியபோது அந்தக் கூடுதலில் ஒரு நல்ல பங்கு குறைந்தது. அதாவது பாதையைப் பெயர்க்காமலே சரிசெய்யக்கூடிய பகுதி இருந்தது, அது சரிசெய்யவும்பட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெரிசல் மிக மோசமாகத் தோன்றிய அந்த 2024ஆம் ஆண்டில் நகரில் வேறென்ன நடந்தது? கார்டினர் அதிவேக வீதியில் டஃபரினுக்கும் ஸ்ட்றாகனுக்கும் இடையே திருத்த வேலைக்காகத் தடங்கள் மூடப்பட்டிருந்தன. புதிதாகக் கட்டப்படும் ஒன்ராறியோ ரயில் தடத்துக்காக குயீன் வீதியின் நடுப்பகுதி 2023 முதல் அடைக்கப்பட்டிருந்தது. எக்ளிண்டனில் பல்லாண்டு காலக் கட்டுமானம். ஒரு பெருவழி அடைபட்டால் அதன் வாகனங்கள் மற்ற வீதிகளில் வந்து சேரும். அந்தச் சுமையைத் தாங்கும் வீதியில் மிதிவண்டிப் பாதையும் இருந்தால், கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பாதையின் மேலேயே பழி விழுகிறது.

கூடுதல் தடம் நெரிசலைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜில் டுராண்டன், மத்தியூ டர்னர் ஆகிய பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களின் பெருவழிகளில் தட நீளம் கூடும் அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டியது. அது பெருவழிகளைப் பற்றிய ஆய்வு என்பதால் யங் வீதிக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும், திறந்துவிட்ட இடம் நீண்ட காலம் காலியாக இருக்காது என்ற அதன் அடிப்படை நகர வீதிகளுக்கும் பொருந்தும் என்பதே இத்துறையில் உள்ள பெரும்பாலோரின் கருத்து.

இரவுப்பணி எழுதியது:

யூனிவர்சிற்றி அவெனியூ மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். இரவுப் பணி முடிந்து வெளியே வரும்போது பொழுது விடிந்திருக்கும், மிதிவண்டியில் வீட்டுக்குப் போவேன். எங்கள் பகுதியில் பேருந்தின் வரவு அந்த வேளையில் நிச்சயமில்லை. கார் வைத்திருக்கவும் தரிப்பிடத்துக்குப் பணம் கட்டவும் என் சம்பளம் போதாது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அமைத்த பாதை எனக்குச் சலுகையாகத் தோன்றவில்லை. வேலைக்கு வந்துபோக ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அவெனியூவில் அடுத்தடுத்து நிற்கும் மருத்துவமனைகளின் மருத்துவர்கள் பலர் பாதையைக் காக்கும்படி திறந்த கடிதம் எழுதினார்கள். மோதலில் அடிபட்டு வருபவர்களை மேசையில் கிடத்திப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

சான்று கேட்டதால் சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கே டெஷ்கே தலைமையில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, இதே ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் மிதிவண்டி விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 690 பேரைப் பற்றியது. ஒவ்வொருவரும் அடிபட்ட இடத்தை, அதே பயணத்தில் அவர் கடந்த வேறோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓட்டுபவரின் வயதும் திறமையும் அன்றைய வானிலையும் மாறாமல், வீதியின் அமைப்பு மட்டும் மாறுகிற ஒப்பீடு அது. ஓரத்தில் வாகனங்கள் நிறுத்திய, பாதை எதுவும் இல்லாத பெருவீதியோடு ஒப்பிடும்போது, தடுப்பால் பிரித்த பாதையில் காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே என்று கண்டார்கள். பாதையை எடுத்துவிட்டு ஓரத்தைத் தரிப்பிடமாக்கினால், நாங்கள் போய்ச் சேர்வது அந்த ஒப்பீட்டின் மற்றப் பக்கத்துக்குத்தான்.

2024இல் இந்த நகரில் மிதிவண்டி ஓட்டிய ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜூலை மாதத்தில், புளோர் வீதியில், அவெனியூ வீதிக்கு அருகே இறந்த 24 வயதுப் பெண். பாதையை மறித்துக் கட்டுமானக் கழிவுத்தொட்டி வைக்கப்பட்டிருந்த இடத்தில் அவர் வாகனத் தடத்துக்குள் விலக வேண்டியிருந்தது. அந்த வீதியில் பாதை முழுவதையும் எடுத்துவிட்டால், ஒவ்வொரு நாளும் எல்லோரும் அந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் வீதியின் நீளம் முழுவதும் செய்ய வேண்டியிருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

பணிவண்டி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதற்கு எதிராக எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. யூனிவர்சிற்றி அவெனியூ அகலமான வீதி, அங்கே பாதை இருப்பதால் என் வேலைக்குக் கேடில்லை. நான் பேசுவது எற்றோபிக்கோப் புளோரைப் பற்றி. நகர்மையத்தில் எடுத்த அளவீட்டைக் கொண்டுவந்து, ஆட்கள் தூரத்தூர வாழும், கார் இல்லாமல் ஒரு காரியமும் ஆகாத பகுதிக்கு அப்படியே பொருத்துகிறீர்கள் என்பதுதான் அங்குள்ளவர்களின் மனக்குறை. எங்களைக் கேட்டுச் செய்தார்கள் என்று அங்கே யாரும் நம்பவில்லை. தீயணைப்பு வண்டி வந்தால் எங்கே ஒதுங்குவது என்ற கேள்விக்கும் ஒழுங்கான பதிலில்லை.

சமிக்ஞை எழுதியது:

பகுதி பகுதியாக அளக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை முழுவதுமாக ஏற்கிறேன், அண்ணா. ஆனால் சட்டம் அதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எற்றோபிக்கோவையும், நகர்மையப் புளோரில் உள்ள அனெக்ஸ் பகுதியையும், யூனிவர்சிற்றி அவெனியூ மருத்துவமனை வரிசையையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டது. அமைச்சர் சொன்ன 1.2 சதவீதமும் அப்படித்தான். அது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து, நகரைச் சுற்றியுள்ள புறநகரங்கள் அத்தனையையும் சேர்த்த பெருநகரப் பிரதேசத்துக்கு வரும் எண். மூன்று வீதிகளில் இரண்டில் அப்போது பாதையே இருக்கவில்லை, மற்றதிலும் இன்றைய பாதை இல்லை. நகர்மையத்தில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோர் பங்கு அதைவிடப் பல மடங்கு அதிகம். நகர்மையத்து அளவீட்டை எற்றோபிக்கோவுக்குப் பொருத்துவது தவறென்றால், எஜக்ஸ் புறநகர் வரை நீளும் சராசரியைப் புளோர் வீதிக்குப் பொருத்துவதும் அதே தவறே.

தீயணைப்புப் பற்றி: புளோர் மேற்குப் பகுதியில் தீயணைப்பு வண்டிகள் சென்றடையும் நேரம் பாதையால் கெட்டுவிடவில்லை என்று நகரின் தீயணைப்புத் தலைவரே தம் பதிவுகளை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒதுங்க இடம் தெரியாமல் சாரதிகள் தடுமாறுவது வேறு பிரச்சினை. தடுப்புகளுக்கு இடையே இடைவெளி விடுவதும் தெளிவான குறியீடுகள் இடுவதும் அதற்கான தீர்வு.

பிரிவு ஏழு எழுதியது:

இந்தச் சட்டத்துக்கு எதிரான வழக்கின் நிலையைச் சுருக்கமாகச் சொல்ல வந்தேன், ஆனால் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தீர்ப்பைப் பற்றித் தவறான செய்தி நிறையப் பரவியிருக்கிறது.

சைக்கிள் ரொறன்ரோ என்ற அமைப்பும் தனிநபர் இருவரும் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். ஒன்ராறியோ மேல்நீதிமன்ற நீதிபதி போல் ஷாபாஸ், 2025 ஏப்ரல் 22 அன்று, தீர்ப்பு வரும்வரை பாதைகளில் கைவைக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டார். பின்பு சட்டமன்றம் சட்டத்தின் வாசகத்தை மாற்றி, பாதையை அகற்றுதல் என்பதற்குப் பதிலாக வாகனத் தடத்தை மீட்கும் விதத்தில் மறுசீரமைத்தல் என்று ஆக்கியது. ஜூலை 30 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, வாகனத் தடத்தை மீட்பதற்காக இந்த மூன்று வீதிகளின் பாதுகாப்பான பாதைகளை அகற்றுவது கனேடிய உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 7ஆம் பிரிவை மீறுகிறது என்று கண்டது. உயிர், சுதந்திரம், ஆளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உரிமையைக் கூறும் பிரிவு அது.

மிதிவண்டிப் பாதை கேட்பதற்கு ஒவ்வொருவருக்கும் சாசன உரிமை உண்டு என்று நீதிபதி சொல்லவில்லை. அப்படி ஓர் உரிமை இல்லை என்பதைத் தெளிவாகவே வேறுபடுத்திக் காட்டினார். அவர் தொட்ட கேள்வி வேறு. அரசு தானாக ஒரு செயலைச் செய்து மக்களின் உயிராபத்தைக் கூட்டுகிறது. அந்தச் செயல் தான் சொல்லும் நோக்கத்தையாவது நிறைவேற்றுமா? பாதையை எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்கு அரசு காட்டிய சான்று வலுவற்றது, துறை வல்லுநர்களின் பொதுக் கருத்துக்கு எதிரானது என்று அவர் கண்டார். அரசுக்குள்ளேயே கிடைத்த ஆலோசனையும் அதற்குச் சாதகமாக இல்லை. நோக்கத்தோடு தொடர்பில்லாமல் ஆபத்தை மட்டும் கூட்டும் செயல் தன்னிச்சையானது என்பதே தீர்ப்பின் அடித்தளம். வீதியோரம் முதல் பதிவில் எழுப்பிய சான்றுக் கேள்வியும் ஏறத்தாழ இதேதான்.

மாகாணம் மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது. ஆகவே இது இறுதி வார்த்தையல்ல. ஆனால் சட்டத்தின் ஒரு கூறு என்னை இன்னும் உறுத்துகிறது. பாதையை அகற்றியதன் விளைவாக ஒருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ அதற்காக மாகாணத்தின் மேல் வழக்குத் தொடுக்க முடியாதபடி, சட்டமூலம் விவாதத்தில் இருந்தபோதே ஒரு பாதுகாப்புப் பிரிவைச் சேர்த்தார்கள். யாருக்கும் தீங்கு வராது என்று உறுதியாக நம்புகிறவருக்கு அந்தப் பிரிவு எதற்கு?

பணிவண்டி எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் 2025 பெப்ரவரித் தேர்தலில் தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பெரும்பான்மை பெற்றார். மிதிவண்டிப் பாதையைப் பற்றிய தன் எண்ணத்தை அவர் ஒளிக்கவில்லை. மக்கள் அறிந்தே வாக்களித்தார்கள். ஒரு நீதிபதி அதைத் தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீதியில் எத்தனை தடம் என்பதுகூட நீதிமன்றத்தில் முடிவாக வேண்டிய விடயமா?

வீதியோரம் எழுதியது:

நீதிமன்றம் வரை போகாமல் இருந்திருக்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், அண்ணா. ஆனால் நகரசபையும் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபைதானே. புளோர் வீதிப் பாதை ஓராண்டுக்கு மேல் பரீட்சார்த்தமாக இருந்து, மோதல்களும் பயண நேரங்களும் கடைகளின் வருவாயும் அளக்கப்பட்டு, 2017 நவம்பரில் சபையின் வாக்கெடுப்பில் நிலையானது. யங் வீதிப் பாதையும் 2021இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2023 பெப்ரவரியில் அவ்வாறே நிலையானது. அளந்து எடுத்த முடிவை அளக்காமல் கலைப்பதில்தான் என் மறுப்பு இருக்கிறது. மாகாணத்துக்கு அதிகாரம் உண்டா என்றால், நகரசபைகளின் மேல் நிறையவே உண்டு. அதிகாரம் இருப்பதாலேயே காரணம் காட்டும் கடமை நீங்கிவிடாது.

பாதையை அகற்றிய அனுபவம் இந்த நகருக்குப் புதிதுமல்ல. ஜார்விஸ் வீதியில் 2010இல் பாதை அமைந்தபின் அங்கே மிதிவண்டிகள் ஏறத்தாழ மூன்று மடங்காகின. வாகனங்களுக்கு நெரிசல் நேரத்தில் சுமார் இரண்டு நிமிடத் தாமதம் ஏற்பட்டது. 2011 ஜூலையில் சபை அகற்ற முடிவெடுத்து, 2012 இறுதியில் பாதை அழிக்கப்பட்டது. பக்கத்தில் உள்ள ஷேர்போன் வீதியில் தடுப்போடு பாதை அமைத்ததால், அங்கே ஓரளவேனும் மாற்று வழி இருந்தது. புளோருக்கும் யங்குக்கும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி எந்த மாற்றையும் முதலில் கட்டச் சொல்லவில்லை.

இலண்டனில் கென்சிங்ரன் பெருவீதியில் 2020 இலையுதிர் காலத்தில் அமைத்த தற்காலிகப் பாதையை, குறைகள் வந்தன என்று சொல்லி, சுமார் ஏழு வாரங்களிலேயே அந்த உள்ளூராட்சி எடுத்துவிட்டது. ஏழு வாரத்தில் எந்த வீதியும் தன் புதிய ஒழுங்குக்குப் பழகுவதில்லை. அதற்குள் எடுக்கும் முடிவு முதல் வாரத்து எரிச்சலின் மேல் எடுக்கும் முடிவாகவே இருக்கும். நியூ யோர்க்கின் புறொஸ்பெக்ற் பார்க் மேற்கு வீதியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2010இல் பாதை அமைந்தது, 2011 மார்ச்சில் அயலவர் சிலர் அகற்றக் கோரி வழக்குப் போட்டார்கள், அவ்வாண்டு ஓகஸ்டில் நீதிபதி தள்ளுபடி செய்தார். நகரம் பொறுமையாக இருந்தது. வேக எல்லையை மீறும் வாகனங்கள் அங்கே பெரிதும் குறைந்ததை அளவீடுகள் காட்டின. பாதை இன்றும் இருக்கிறது.

கணக்குப்புத்தகம் எழுதியது:

புளோர் வீதியில் சிறிய கடை நடத்துபவர்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். 2016இல் எங்களில் பலருக்கு அச்சம் இருந்தது. கடைவாசலில் தரிப்பிடம் போனால் வாடிக்கையாளரும் போய்விடுவார் என்று நினைத்தோம். பாதைக்கு முன்னும் பின்னும் நடத்திய ஆய்வில், அந்தப் பகுதிக்கு வருவோரின் எண்ணிக்கையும் மாதச் செலவும் கூடியதாகவே வந்தது. பாதையால்தான் கூடியது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அயலில் குடித்தொகையும் கூடியது. ஆனால் கடைகள் அழிந்துபோகும் என்ற அச்சம் நிறைவேறவில்லை. அனெக்ஸ் வணிகர் சங்கம் பாதையை ஆதரிப்பது இதனால்தான்.

மாறாத சிக்கல் ஒன்று உண்டு. சரக்கு இறக்குவது. காலையில் வரும் லொறி பாதைக்குள் ஏறி நிற்கிறது, அல்லது இருக்கிற ஒரே தடத்தை மறித்து நிற்கிறது. சாரதியைக் குறைசொல்லிப் பயனில்லை, அவருக்கு வேறு இடம் ஒதுக்கப்படவில்லை. பாதையை எடுப்பதும் இதைத் தீர்க்காது; லொறி அப்போது மற்றத் தடத்தை மறித்து நிற்கும். பணிவண்டி சொல்கிற குறையும் என் குறையும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பணிவண்டி எழுதியது:

ஆம், அது ஒன்றேதான். ஒவ்வொரு தெருத்துண்டிலும் ஏற்றியிறக்க ஓர் இடம், பெரிய சந்திகளில் திரும்புவோருக்குத் தனித் தடம், இவை இரண்டும் கிடைத்தால் என் கோபத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, பக்கத்து வீதி என்ற என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

சமிக்ஞை எழுதியது:

எழுதுகிறேன். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் புளோருக்கு இணையாகப் பல சிறிய வீதிகள் தெரியும். அவற்றில் ஒன்றைப் பிடித்துக் கிழக்கிலிருந்து மேற்காகத் தொடர்ந்து போக முயன்றால் சில நிமிடங்களில் வழி முடிந்துவிடும். ஒன்று ஒருவழிப் பாதையாகும், இன்னொன்று பூங்காவில் முட்டும், மற்றொன்று ரயில் தண்டவாளத்தில் நிற்கும். தண்டவாளங்களுக்குக் கீழாகவும் மேலாகவும் கடப்பவை பிரதான வீதிகளே. டொன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் திறந்த பிரின்ஸ் எட்வேர்ட் பாலமே புளோர் வீதியை டான்ஃபோர்த்தோடு இணைக்கிறது. அதை விட்டால் தெற்கே ஜெராட் வரை இறங்க வேண்டும், அல்லது வடக்கே சரிவுகளில் இறங்கி ஏற வேண்டும். யங் வீதியிலும் இப்படித்தான். செயின்ற் கிளெயருக்கு வடக்கே கிழக்குப் புறம் முழுவதும் மவுண்ற் பிளெசன்ற் கல்லறைத் தோட்டம் கிடக்கிறது, அதன் வாயில்கள் மாலையில் மூடப்படும். சமர்ஹில்லில் ரயில் பாதை குறுக்கே போகிறது. இரவுப்பணி போன்றவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் பக்கத்து வீதி என்பது அந்த இடத்தில் இல்லவே இல்லை.

இவ்வளவு தூரம் சுற்றிப் போ என்று ஒரு சாரதியிடம் சொன்னால் அவர் ஏற்கமாட்டார். தன் கால்பலத்தால் போகிறவருக்குச் சுற்றுவழி இன்னும் பாரமானது. பக்கத்து வீதி நல்ல மாற்றாகும் இடங்கள் இந்த நகரில் உண்டு, அங்கே நானே அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் முதலில் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் கட்டி அந்த வழியைத் தொடர்ச்சியாக்கிய பிறகே பிரதான வீதிப் பாதையைப் பற்றிப் பேச முடியும்.

பிரிவு ஏழு எழுதியது:

இதில் இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். 2025 நவம்பரில் நிறைவேறிய 60ஆம் இலக்கச் சட்டமூலம், மிதிவண்டிப் பாதைக்காக வாகனத் தடத்தைக் குறைப்பதற்கு நகரசபைகளுக்கு நேரடித் தடையே விதித்துவிட்டது. முன்பு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இப்போது கேட்கும் வாயிலும் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. ஆகவே இருக்கும் பாதைகளின் மதிப்பு கூடிவிட்டது. இன்று ஒன்றை எடுத்துவிட்டு, நாளை அது பிழையென்று தெரிந்தாலும், அதே இடத்தில் திரும்ப அமைக்க இந்தச் சட்டத்தின் கீழ் வழியில்லை.

வீதியோரம் எழுதியது:

அப்படியானால் பணிவண்டி அண்ணாவும் கணக்குப்புத்தகமும் கேட்பது இன்னும் அவசரமானது. ஏற்றியிறக்கும் இடங்களும் திரும்பும் தடங்களும் சமிக்ஞை நேரமும் இன்றைக்கும் நகரசபையின் கையிலேயே இருக்கின்றன, யாருடைய அனுமதியும் தேவையில்லை. உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் குழுவுக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்பலாம், நேரில் பேசப் பதிவும் செய்யலாம். எற்றோபிக்கோவில் எந்தெந்தத் தெருத்துண்டுகளில் வானை நிறுத்த இடமில்லை, எந்தச் சந்திகளில் இடப்பக்கம் திரும்புவோர் வழியை மறிக்கிறார்கள் என்று அண்ணா இங்கே பட்டியலிட்டால், சமிக்ஞை அதைப் பார்த்துத் திருத்தித் தரட்டும், நான் கடிதமாக எழுதுகிறேன். பாதை இருக்க வேண்டும் என்பவர்களும் அகற்ற வேண்டும் என்பவர்களும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் குழு அதை இலகுவில் ஒதுக்க முடியாது.

பணிவண்டி எழுதியது:

வார இறுதியில் எழுதி அனுப்புகிறேன். ஐலிங்ரன் சந்தியை முதலில் போடுங்கள்.